சர்ஃப் போர்டோட ஃப்ளைட் ஏறப் போறீங்களா? டிக்கெட் போடறதுக்கு முன்னாடி இதை ஒரு தடவை பாத்துடுங்க!

(திரையில்: கோவளம் கடற்கரை, விடியற்காலை. கையில் ஆறடி போர்டு.)

வணக்கம் மக்களே! இந்தப் போர்டோட மூக்கைப் பாருங்க. ஒரு விரல் நீளத்துக்கு வெடிப்பு தெரியுதா? இருங்க, கேமராவைக் கிட்ட கொண்டு வரேன். இது பாலியில, உலுவாட்டு பாறையில மோதினதுன்னுதான் ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியறேன். கெத்தா இருக்கும்ல? உண்மையைச் சொன்னா, இந்த அடி விழுந்தப்போ போர்டு பாலித் தண்ணியைத் தொட்டிருக்கவே இல்ல. விமானத்தோட வயித்துக்குள்ளயே வாங்கிட்டு வந்துடுச்சு.

அதே பயணத்துல இன்னொரு கூத்து. நாலாயிரம் ரூபாய் மிச்சம் ஆகுதேன்னு ரெண்டு தனித்தனி டிக்கெட் போட்டேன். முதல் ஏர்லைன்ல போர்டை என் கிலோ கணக்குலயே சேத்துக்கிட்டாங்க, ஒரு வார்த்தை பேசல. நடுவுல இறங்கி, பெட்டியையும் போர்டையும் தூக்கிட்டு அடுத்த கவுண்டருக்குப் போனா, அங்க இருந்தது நம்ம தமிழ்த் தம்பி. "அண்ணே, தப்பா நினைக்காதீங்க, அளந்துதான் ஆகணும்"னு டேப்பை எடுத்தாரு. அவ்வளவுதான். மிச்சம் பிடிச்ச நாலாயிரம் அங்கேயே போச்சு, மேல மூவாயிரம் கைக்காசும் போச்சு. தம்பி மட்டும் ரொம்ப மரியாதையா பேசினாரு, அதைக் குறை சொல்ல முடியாது.

அதனால "எந்த ஏர்லைன் பெஸ்ட் ப்ரோ?"ன்னு கமெண்ட்ல கேக்கறவங்களுக்கு நான் திருப்பிக் கேக்கறது ஒண்ணுதான்: எந்த விமானம்? கம்பெனி பேரைக் கேக்கல, அன்னிக்கு நீங்க ஏறப்போற அந்த விமானத்தோட மாடலைக் கேக்கறேன். ஏன்னு சொல்றேன்.

சட்டுனு கணக்கு. சாதாரண பெட்டிக்கு நீளம், அகலம், உயரம் மூணையும் கூட்டினா 158 சென்டிமீட்டருக்குள்ள இருக்கணும்னு பெரும்பாலான ஏர்லைன்கள் சொல்லும். ஆறடி போர்டோட நீளம் மட்டுமே 183. பைக்குள்ள போட்டு மூணையும் கூட்டினா 265 பக்கத்துல வந்து நிக்கும். எடை பாத்தா பையோட சேத்து ஆறு கிலோ கூட இருக்காது. ஒரு மூட்டை அரிசியில கால்வாசி எடை, கதவுக்குக் கதவு இடிக்கிற நீளம். பிரச்சினை முழுக்க இந்த நீளத்துலதான். கணக்கு முடிஞ்சது, இப்போ எனக்குப் பிடிச்ச பகுதிக்கு வருவோம்.

(திரையில்: விமானத்தின் குறுக்குவெட்டுப் படம்.)

விமானத்தோட வயிறு. நாம மேல உக்காந்து உப்புமா சாப்பிடறோம், நம்ம போர்டு கீழ எப்படிப் படுத்திருக்கு? பெரிய விமானங்கள், அதாவது 777, 787, ஏ350 மாதிரி ரெண்டு நடைபாதை இருக்கிற விமானங்கள்ல, லக்கேஜை அலுமினியப் பெட்டிகள்ல அடுக்கி, பெட்டியோட உள்ள தள்ளுவாங்க. அந்தப் பெட்டிக்கு எல்டி3ன்னு பேரு. ஒரு பக்கம் அடிப்பாகம் சரிவா வெட்டின மாதிரி இருக்கும், விமானத்தோட வளைவுக்குப் பொருந்தறதுக்காக. அதோட அடி அகலம் சுமார் 156 சென்டிமீட்டர், மேல விரிஞ்சு 200. ஆழம் 153. இப்போ நம்ம ஆறடி போர்டை நினைச்சுப் பாருங்க. அடியில நேரா படுக்காது. குறுக்கால, மூலைக்கு மூலை வெச்சா படுத்துடும். இல்லன்னா மத்தவங்க பைகளுக்கு மேல, அந்த விரிஞ்ச இடத்துல படுக்கும். ஒம்பதடி லாங்போர்டு? 274 சென்டிமீட்டர். சான்ஸே இல்ல.

அப்போ லாங்போர்டு எங்க போகும்? வால் பக்கத்துல, பெட்டிகளெல்லாம் முடிஞ்ச இடத்துல, தனியா ஒரு சின்ன அறை இருக்கு. உதிரியா வர்ற சாமான்லாம் அங்கதான்: குழந்தைங்க தள்ளுவண்டி, கூண்டுல நாய், கடைசி நிமிஷத்துல வந்த பைகள், நம்ம போர்டு. நாய்க்குப் பக்கத்துல போர்டுன்னு நினைச்சாலே எனக்கு சிரிப்பு வருது. இடம் பத்தலன்னா சில சமயம் தட்டையான சரக்குப் பலகையில கட்டியும் ஏத்துவாங்க.

இப்போ ஒத்தை நடைபாதை விமானம். 737ல அந்த அலுமினியப் பெட்டியே கிடையாது, எல்லாத்தையும் ஆளுங்க கையாலதான் அடுக்கணும். உள்ள உயரம் ஒரு மீட்டர் சொச்சம். நிக்க முடியாது மக்களே, முட்டி போட்டுக்கிட்டே, முப்பது கிலோ பெட்டியை இழுத்து இழுத்து அடுக்கறாங்க. சென்னை வெயில்ல அந்த வயித்துக்குள்ள எவ்வளவு சூடு இருக்கும்? அந்த அண்ணன்கிட்ட என் போர்டை மட்டும் பூ மாதிரி வையுங்கன்னு எந்த முகத்தோட சொல்றது? அதனாலதான் ஒரு பையோட எடை 32 கிலோவைத் தாண்டக்கூடாதுன்னு எல்லா இடத்துலயும் கண்டிப்பா நிக்கறாங்க. தூக்கறவங்க இடுப்புக்கான கணக்கு அது.

இன்னொரு விஷயம். நிறைய பேர் கதவு பெரிசா இருந்தா போர்டு போயிடும்னு நினைக்கறாங்க. திருவல்லிக்கேணியில பழைய வீட்டு மாடிக்கு பீரோ ஏத்தியிருக்கீங்களா? வாசல்ல சுலபமா நுழைஞ்சுடும். படி திரும்பற இடத்துல மாட்டிக்கிட்டு, "தூக்கு, சாய்ச்சுப் புடி, உன் பக்கம் தள்ளு"ன்னு அரை மணி நேரம் போகும். விமானத்துலயும் அதேதான். கதவு பக்கவாட்டுல இருக்கு, உள்ள நுழைஞ்ச உடனே போர்டு தொண்ணூறு டிகிரி திரும்பணும். எந்த நீளம் வரைக்கும் திரும்ப முடியுமோ, அதைத்தான் ஏர்லைன் வெப்சைட்ல "அதிகபட்ச நீளம்"னு போடறாங்க. அது கஞ்சத்தனம்னு நானும் ரொம்ப நாள் திட்டிக்கிட்டு இருந்தேன்.

அடுத்தது ஏடிஆர், அந்த விசிறி விமானம். அதுல மட்டும் ஏன் பின்பக்கமா ஏறுறோம்னு யோசிச்சிருக்கீங்களா? முன்பக்கம், பைலட்டுக்கும் பயணிகளுக்கும் நடுவுல லக்கேஜ் அறை இருக்கு! நம்ம போர்டு நமக்கு முன்னாடி உக்காந்து போகுது. சின்ன அறை அது, நிறைஞ்சுட்டா முதல்ல வெளிய நிக்கறது போர்டுதான். பிலிப்பைன்ஸ்ல சியர்காவோ தீவுக்குப் போறவங்களுக்கு இது பழகின கதை. அந்தத் தீவுக்குப் பறக்கறதே விசிறி விமானங்கள்தான். மணிலா வரைக்கும் ஜம்போவுல வந்த போர்டு, கடைசி ரெண்டு மணி நேரத்துக்கு மூச்சு முட்டும். மொத்தப் பயணத்துல எது சின்ன விமானமோ, உங்க போர்டுக்கு அதோட ரூல்தான் ரூல்.

சரி, எது என்ன விமானம்னு எப்படித் தெரியும்? டிக்கெட் போடற பக்கத்துல "ஃப்ளைட் விவரம்"னு இருக்கும், அமுக்குங்க. 789ன்னு இருந்தா 787-9. "32என்"னு இருந்தா ஏ320 நியோ. 738ன்னா 737-800. ஏடி7ன்னு வந்தா ஏடிஆர், அங்கேயே நிறுத்தி போன் போடுங்க. அதே இடத்துல "இயக்குவது"ன்னு வேற கம்பெனி பேர் இருக்கான்னும் பாருங்க. டிக்கெட் விக்கறது ஒருத்தர், விமானம் ஓட்டறது இன்னொருத்தர்னா, போர்டு சேதி ரெண்டு பேருக்கும் போயிருக்கணும்.

போன்ல கேக்க வேண்டியது நாலே கேள்வி. போர்டு என் லக்கேஜ் கணக்குல சேருமா, தனிக் கட்டணமா? அதிகபட்ச நீளம் எத்தனை சென்டிமீட்டர்? ஒரு பைக்குள்ள ரெண்டு போர்டு இருந்தா அது ஒண்ணா, ரெண்டா? கட்டணம் மொத்தப் பயணத்துக்கா, ஒவ்வொரு விமானத்துக்குமா? மூணாவது கேள்வியை நிறைய பேர் விட்டுடுவாங்க, அங்கதான் அடி விழும். பதில் கிடைச்சதும் "என் புக்கிங்ல எஸ்-பி-இ-க்யூ போட்டுடுங்க"ன்னு சொல்லுங்க. விளையாட்டுச் சாமான் வருதுன்னு அவங்க சிஸ்டத்துல பதியற குறியீடு அது. அதைச் சொன்னா எதிர்ல இருக்கறவங்க குரலே மாறும், நான் பாத்திருக்கேன். சாட்ல பேசினா ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வையுங்க.

கட்டணத்துல ஒரு சுவாரஸ்யம். 2018 ஆகஸ்ட்ல கலிஃபோர்னியா மாநிலம் சர்ஃபிங்கை அதிகாரப்பூர்வ மாநில விளையாட்டா சட்டம் போட்டு அறிவிச்சது. அடுத்த மாசமே யுனைடெட் ஏர்லைன்ஸ், கலிஃபோர்னியாவுக்கு வர்ற, அங்கிருந்து போற விமானங்கள்ல 150 டாலர் போர்டு கட்டணத்தை ரத்து பண்ணிட்டாங்க. 2019 மே மாசம் அமெரிக்கன் ஏர்லைன்ஸும் அவங்க ஓவர்சைஸ் கட்டணத்தை விட்டுட்டாங்க, சாதாரண பெட்டிக் காசு போதும்னு. அதே சமயம் எதிர்ப்பக்கமும் இருக்கு: பிரிட்டிஷ் ஏர்வேஸ் 2007 நவம்பர்ல சர்ஃப் போர்டே ஏத்த மாட்டோம்னு சொன்னாங்க, சர்ஃபர்கள் கொதிச்சாங்க. ஆக, போன வருஷம் நண்பன் சொன்ன ரூலை நம்பி இந்த வருஷம் கிளம்பாதீங்க. சரி, மாமல்லபுரத்துல 2025ல ஆசிய சர்ஃபிங் சாம்பியன்ஷிப் நடந்துச்சு, நம்ம இந்திய சர்ஃபர் ரமேஷ் புதிஹால் வெண்கலமே வாங்கிட்டாரு. நம்ம ஊர் ஏர்லைன் யாராவது இதுக்காச்சும் ஒரு சலுகை அறிவிச்சா என்ன? இந்த வீடியோவுல அவங்களை டேக் பண்ணி விடுங்க, புண்ணியமா போகும்.

பேக்கிங் வேகமா: போர்டுக்கு அடியில இருக்கிற துடுப்பை, அதாவது ஃபின்னைக் கழட்டிடுங்க, மெழுகைச் சுரண்டிடுங்க, மூக்குக்கும் வாலுக்கும் பழைய துண்டு, ஓரத்துக்கு நீச்சல்குளக் குழாய் ஸ்பாஞ்ச். முழு வீடியோ தனியா போட்டிருக்கேன்.

உடைஞ்சுட்டா? சர்வதேசப் பயணத்துக்கு மான்ட்ரியல் ஒப்பந்தம்னு ஒண்ணு இருக்கு, இந்தியாவும் அதுல உண்டு. லக்கேஜ் சேதத்துக்கு ஒரு பயணிக்கு 1,519 எஸ்டிஆர் (ஐஎம்எஃப்போட கணக்கு நாணயம்) வரைக்கும் கேக்கலாம், 2024 டிசம்பர் 28லேருந்து இந்த அளவு. நம்ம காசுல ஒண்ணரை லட்சத்துக்கு மேல. அது உச்சவரம்பு, அவ்வளவும் எடுத்துக் குடுத்துட மாட்டாங்க. சேதம்னா பை கைக்கு வந்து 7 நாளைக்குள்ள எழுத்துல புகார் குடுக்கணும். நான் என்ன பண்ணேன்? பையைத் திறக்காமலே ஹோட்டலுக்குப் போய், மறுநாள் கடற்கரையில திறந்து பாத்து அழுதேன். நீங்க ஏர்போர்ட்லயே ஜிப்பைத் திறங்க, அங்கேயே போட்டோ எடுங்க. அப்புறம் செக்-இன்ல ஒரு சின்ன டேக்ல கையெழுத்து கேப்பாங்க. "உடையக்கூடியது, பொறுப்பு பயணிக்கு"ங்கற மாதிரி இருக்கும். படிச்சுட்டுப் போடுங்க.

ஆங், இன்னொண்ணு. போர்டு பெல்ட்ல வராது! நான் முதல் தடவை பெல்ட்டைச் சுத்தி நாப்பது நிமிஷம் நின்னேன். எல்லாரும் போயிட்டாங்க, ஒரு அநாதை அட்டைப்பெட்டி மட்டும் சுத்திக்கிட்டு இருக்கு. திரும்பிப் பாத்தா தூணுக்குப் பக்கத்துல, ஓவர்சைஸ் கதவுக்கு வெளிய, என் போர்டு எப்பவோ வந்து சாஞ்சு நிக்குது.

கடைசியா, இதை எதிர்பாக்க மாட்டீங்க: இலங்கைக்கு, அதுவும் முதல் தடவை அறுகம் குடாவுக்குப் போறீங்கன்னா, போர்டே கொண்டு போகாதீங்க. சென்னையிலேருந்து கட்டுநாயக்காவுக்கு, அதாவது கொழும்பு ஏர்போர்ட்டுக்கு, ஒண்ணேகால் மணி நேரம்தான். ஆனா அதுக்கப்புறம் தீவைக் குறுக்கால தாண்டி கிழக்குக் கரைக்கு வேன்ல கிட்டத்தட்ட ஒரு பகல். மே மாசத்துலேருந்து செப்டம்பர் வரைக்கும் அங்க சீசன், வரிசையா வாடகைக் கடை. காலையில ஒரு போர்டு எடுங்க, பிடிக்கலன்னா மத்தியானம் மாத்திக்குங்க. ஆட்டோ கூரையிலயே போர்டு கட்டறதுக்குக் கம்பி வெச்சிருப்பாங்க. ஓட்டற அண்ணன்கிட்ட தமிழ்லயே பேசலாம். "இன்னிக்கு எந்தப் பக்கம் அலை நல்லா இருக்கு?"ன்னு கேட்டா, எந்த ஆப்பும் சொல்லாததைச் சொல்லுவாரு.

சொந்தப் போர்டுதான் வேணும்னு அடம் பிடிக்கறவங்க, உங்க போர்டோட நீளத்தையும் போற ஊரையும் கமெண்ட்ல போடுங்க. விமான மாடலை நான் பாத்துச் சொல்றேன். அடிகளைச் சென்டிமீட்டர்ல மாத்திப் போடுங்கப்பா, ஒவ்வொண்ணையும் முப்பதரையால பெருக்கி எனக்குக் கை வலிக்குது.