வசில்கோ ஏமாளி அல்ல

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். பழைய ரூஸ் நாட்டில் தெரெபோவ்ல் நகரை ஆண்ட இளவரசன் வசில்கோவை வீழ்த்தியது உறவின் துரோகம்தான் என்பது எங்கள் அணியின் வாதம். எதிரணி நண்பர் என்ன சொன்னார்? 'விருந்து என்றதும் ஓடிப்போய்க் கண்ணைப் பறிகொடுத்தவன்' என்றார். நீங்களும் கைதட்டினீர்கள்.

ஐயா, அவன் ஓடவில்லை. 1097 நவம்பர். அவரவர் தந்தை நிலம் அவரவருக்கு என்று லூபெச் நகரில் ரூஸ் இளவரசர்கள் கூடிச் சிலுவையை முத்தமிட்டுச் சத்தியம் செய்த ஈரம் காயவில்லை. ஊர் திரும்பும் வழியில் வசில்கோ கீவ் பக்கம் தங்கியிருக்கிறான். கீவை ஆண்ட ஸ்வியாதோபோல்க், 'என் பெயருக்குரிய புனிதரின் திருநாள் வரைக்கும் இருந்துவிட்டுப் போ' என்று ஆள் அனுப்பினான். 'முடியாது, ஊரில் சண்டை வந்துவிடும்' என்றான் வசில்கோ. அப்புறம் இன்னொரு இளவரசனான தாவீத் சொல்லி அனுப்பினான்: 'மூத்தவன் சொல்லைத் தட்டாதே.' அதற்கும் மறுத்தான். எண்ணிக்கொள்ளுங்கள், இரண்டு தடவை! மூன்றாவதாக, 'சரி, இப்போதே வந்து முகத்தையாவது காட்டிவிட்டுப் போ' என்று ஸ்வியாதோபோல்கின் அழைப்பு. அவனும் தாவீதும் வசில்கோவுக்குச் சித்தப்பா முறை. எப்படிப் போகாமல் இருப்பான்? வழியில் அவன் சேவகனே, 'போகாதீர்கள், பிடிக்கப் பார்க்கிறார்கள்' என்று தடுத்தான். 'இப்போதுதானே எனக்குச் சத்தியம் செய்தார்கள்' என்று சிலுவைக்குறி இட்டுக்கொண்டு போனான்.

அந்த அறையைப் பாருங்கள். 'உட்கார், சாப்பாட்டுக்குச் சொல்லிவிட்டு வருகிறேன்' என்று ஸ்வியாதோபோல்க் வெளியே போகிறான். எதிரே தாவீத். வசில்கோ பேச்சுக் கொடுக்கிறான், பதிலே இல்லை. தாவீதுக்குக் குரலும் இல்லை, செவியும் இல்லை என்கிறது பழைய ரூஸ் வரலாற்றேடு. 'உன் நாட்டைப் பறிக்க வசில்கோ இளவரசன் மோனோமாக்கோடு சேர்ந்துவிட்டான்' என்று ஸ்வியாதோபோல்கின் காதில் ஓதியவனே இந்தத் தாவீத்தான், ஐயா! அவனும் எழுந்து போகிறான். கதவு பூட்டப்படுகிறது. நம்பி வந்தவன் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை பேச முடியாத இவனை விட்டுவிட்டு, வந்தவனையா ஏமாளி என்பீர்கள்?

மறுநாள் இரவு கண்களைத் தோண்டினார்கள். முதல் குத்து தவறி முகத்தைக் கிழித்தது.

அதே மனிதன் 1099-இல் ரோஷ்னே களத்தில் சிலுவையை உயர்த்தி, 'நீ முத்தமிட்டது இதைத்தானே' என்று ஸ்வியாதோபோல்கைக் கேட்டான், வென்றும் காட்டினான். ஆனால் எனக்கு அந்த வெற்றி நினைவில் நிற்கவில்லை, நடுவர் அவர்களே. சட்டைதான் நிற்கிறது. கண்களைத் தோண்டிய பிறகு நினைவில்லாமல் வண்டியில் கிடந்தவனை ஸ்த்விஷென் என்ற ஊரில் நிறுத்தி, இரத்தம் தோய்ந்த சட்டையைக் கழற்றி, ஒரு பாதிரியார் மனைவியிடம் துவைக்கக் கொடுத்தார்கள். துவைத்து உடுத்திவிட்டு, செத்தவனைப் பார்த்தது போல அந்த அம்மா அழுதாள். அழுகை கேட்டு விழித்தான். தண்ணீர் குடித்தான். சட்டையைத் தடவிப் பார்த்தான். 'ஏன் கழற்றினீர்கள்? அந்தச் சட்டையோடேயே செத்து, கடவுள் முன்னால் நின்றிருப்பேனே' என்றான்.