லினக்ஸ் கணினியில் அன்றாட மென்பொருள்கள்: ஃபைலைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்

நேயர்களுக்கு வணக்கம். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-உடன் முடித்துக்கொண்டது. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் பல கம்ப்யூட்டர்களில் விண்டோஸ் 11 ஏறாது. அதனால் "லினக்ஸ் போட்டுவிடலாமா?" என்று கேட்பவர்கள் இப்போது கூடியிருக்கிறார்கள். லினக்ஸ் என்பது விண்டோஸைப் போலவே கம்ப்யூட்டரை இயக்கும் ஒரு மென்பொருள், உபுண்டு, மின்ட் என்று பல வகைகளில் வருகிறது. கேட்கிறவர்கள் அடுத்த மூச்சிலேயே "எந்த லினக்ஸ் நல்லது, உபுண்டுவா மின்ட்டா?" என்பார்கள். அது அப்புறம். முதலில் பார்க்க வேண்டியது, உங்கள் கம்ப்யூட்டரில் ஏற்கனவே என்னென்ன ஃபைல்கள் இருக்கின்றன, அவற்றை யாருக்கெல்லாம் அனுப்புகிறீர்கள் என்பதைத்தான். ஃபைலைப் பார்த்து மென்பொருளைத் தேர்ந்தெடுங்கள். இன்றைக்கு நான் சொல்ல வந்தது இதுதான். இடையிடையே இதையே திரும்பச் சொல்வேன்.

ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். காலையிலிருந்து இரவு வரை கம்ப்யூட்டரில் என்ன செய்கிறீர்கள்? மின்கட்டணம், ரயில் டிக்கெட், வங்கிக் கணக்கு, மின்னஞ்சல், செய்தி. இத்தனையும் உலாவிக்குள் முடிந்துவிடும். பெரும்பாலான லினக்ஸ்களில் ஃபயர்பாக்ஸ் கூடவே வருகிறது, குரோம் வேண்டுமென்றால் அதுவும் கிடைக்கும். ஆகவே பட்டியலில் பாதி இங்கேயே தீர்ந்தது.

அடுத்தது கடிதம், கணக்கு, பயோடேட்டா. இதற்கு லிப்ரே ஆஃபீஸ். 2010-ல் ஓப்பன் ஆஃபீஸிலிருந்து பிரிந்து வந்தது. காசு கிடையாது, வேர்டு ஃபைலையும் எக்செல் ஃபைலையும் திறக்கும், திருத்தும், அதே வகையிலேயே சேமித்தும் தரும். ஆனால் ஒரு சங்கடம் வரும். அலுவலகத்திலிருந்து ஒரு சான்றிதழ் வருகிறது. அங்கே ஒரே பக்கம். உங்கள் திரையில் திறந்தால் கையெழுத்துப் போடும் வரி மட்டும் இரண்டாம் பக்கத்துக்குப் போய் நிற்கிறது. உடனே "லினக்ஸ் சரியில்லை" என்று சொல்லிவிடுவார்கள். காரணம் எழுத்துரு. அந்தச் சான்றிதழ் கலிப்ரி என்ற எழுத்துருவில் அடிக்கப்பட்டிருக்கும். கலிப்ரி மைக்ரோசாஃப்டின் சொத்து, லினக்ஸில் அது இருக்காது. வேறொன்று அந்த இடத்தில் உட்காரும்போது எழுத்தின் அகலம் மாறுகிறது, வரி நீள்கிறது, பக்கம் தள்ளிப்போகிறது. கார்லிட்டோ என்று ஓர் இலவச எழுத்துரு உண்டு. கலிப்ரியின் அதே அகலங்களுக்கு வடிவமைக்கப்பட்டது. அதை நிறுவிவிட்டால் கையெழுத்து வரி முதல் பக்கத்துக்கே திரும்பிவிடும். ஏரியலுக்கும் டைம்ஸ் நியூ ரோமனுக்கும் இதேபோல லிபரேஷன் எழுத்துருக்கள் இருக்கின்றன. இன்னொன்று: அடுத்தவர் திருத்தத் தேவையில்லாத எதையும் பிடிஎஃப் ஆகவே அனுப்புங்கள். லிப்ரே ஆஃபீஸில் அதற்குத் தனிப் பொத்தானே இருக்கிறது.

இப்போது தமிழுக்கு வருகிறேன். பல வருடங்களாக நான் விடாமல் சொல்லிக்கொண்டிருக்கும் விஷயம் என்பதால் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன்.

எங்கள் தெருவில் ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர் இருக்கிறார். சுற்றுவட்டார ஊர்களில் அலைந்து, நாற்று நடும்போது பாடுகிற பாட்டு, தாலாட்டு, ஒப்பாரி எல்லாம் சேகரித்து, டிடிபி சென்டரில் கொடுத்து அடித்து வைத்திருந்தார். பேரன் வந்து பழைய கம்ப்யூட்டரில் லினக்ஸ் மின்ட் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனான். இவர் ஃபைலைத் திறந்தால் ஒரு தமிழ் எழுத்துகூட இல்லை. ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக நிரம்பியிருக்கிறது. எனக்குப் போன் செய்தார். "தம்பி, எல்லாப் பாட்டும் போச்சு. வைரஸ் வந்துட்டுது." குரலில் நடுக்கம் தெரிந்தது. "ஐயா, எதுவும் போகலை. எதையும் அழிக்காம, சேமிக்காம மூடி வையுங்க, வரேன்" என்றேன்.

நடந்தது இதுதான். அந்த டிடிபி சென்டரில் பாமினி எழுத்துருவில் அடித்திருக்கிறார்கள். பாமினியில் 'தமிழ்' என்று அடித்தால், கண்ணுக்குத்தான் தமிழ். ஃபைலுக்குள் பதிவாவது ஆங்கில ஜே, கே, பி, ஓ, அப்புறம் ஓர் அரைப்புள்ளி. ஜே-யின் இடத்தில் 'த' என்று படம் வரைந்து வைத்திருக்கிறது அந்த எழுத்துரு, அவ்வளவே. எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால் ஜே ஜே-யாகவே தெரியும். இதில் லினக்ஸின் குற்றம் எதுவும் இல்லை, பாமினி இல்லாத விண்டோஸிலும் இதே கதைதான். வானவில் மாதிரி பழைய எழுத்துருக்களில் அடித்தவர்களுக்கும் இதே நிலைதான்.

அவருடைய பழைய வட்டிலிருந்து பாமினி எழுத்துரு ஃபைலை எடுத்து மின்ட்டில் நிறுவினேன். திறந்து பார்த்தார். பாட்டெல்லாம் இருந்த இடத்திலேயே இருந்தது. "அப்பாடா" என்று நாற்காலியில் சாய்ந்தார். ஆனால் நான் அத்தோடு விடவில்லை. "ஐயா, 'மாமன்'னு எந்தெந்தப் பாட்டில் வருதுன்னு தேடுங்க" என்றேன். தமிழ் விசைப்பலகையில் அடித்துத் தேடினார், ஒன்றும் கிடைக்கவில்லை. கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை அந்த ஃபைலில் தமிழே இல்லையே, எப்படிக் கிடைக்கும்?

பிறகு உட்கார்ந்து யூனிகோடுக்கு, அதாவது ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும் தனி எண் வைத்துத் தமிழைத் தமிழாகவே பதிவு செய்யும் முறைக்கு, மாற்றினோம். மாற்றித் தரும் கருவிகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். நடுநடுவே ஆங்கிலத்தில் ஏதாவது எழுதியிருந்தால், அதையும் பாமினி என்று நினைத்து அந்தக் கருவி தமிழாக்கிவிடும். அவர் ஊர்ப் பெயர்களை ஆங்கிலத்தில் அடித்து வைத்திருந்தார், அவற்றைத் தனியே எடுத்து வைத்துக்கொண்டு பாட்டுகளை மட்டும் மாற்றினோம். மூல ஃபைலை அப்படியே பத்திரப்படுத்திவிட்டு, நகலில்தான் இந்த வேலையைச் செய்ய வேண்டும். முடித்ததும் மறுபடி தேடினார். 'மாமன்' வருகிற பாட்டெல்லாம் வரிசையாக வந்து நின்றன. அன்று சாயங்காலம் முழுக்க ஒவ்வொரு சொல்லாகத் தேடிக்கொண்டே இருந்தார்.

இனி அடிப்பது எப்படி என்று கேட்பீர்கள். லினக்ஸில் ஐபஸ் என்ற உள்ளீட்டு முறை இருக்கிறது. அதோடு எம்-பதினேழு-என் என்ற தொகுப்பைச் சேர்த்துக்கொண்டால் தமிழ்99, ஒலிப்பு முறை, பழைய தட்டச்சு முறை எல்லாமே கிடைக்கும். தட்டச்சுப் பள்ளியில் கற்ற விரல்களுக்கு அதே விசை வரிசை. புதிதாகக் கற்பவர்களுக்கு நான் சொல்வது தமிழ்99. 1999-ல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டை ஒட்டி வந்தது, புள்ளிகளில் பலவற்றைத் தானே போட்டுக்கொள்ளும். மாற்றாந்தாய் வீட்டில் தமிழை விடுவது மாதிரி பழைய எழுத்துருக்களிலேயே தமிழை விட்டு வைக்காதீர்கள். கோயில் வரலாறு, சங்கத்து மலர், தாத்தாவின் நாட்குறிப்பு எதுவானாலும், லினக்ஸுக்கு மாறினாலும் மாறாவிட்டாலும், யூனிகோடுக்கு மாற்றுங்கள்.

சரி, லினக்ஸ் எங்கே ஒத்துவராது என்பதையும் சொல்லியாக வேண்டும். கடைக் கணக்கை டேலியில் வைத்து ஆடிட்டருக்கு டேலி ஃபைலாகவே கொடுக்கிறீர்களா? டேலி விண்டோஸுக்கானது. குனூகேஷ் நல்ல கணக்கு மென்பொருள்தான், வீட்டு வரவு செலவுக்குத் தாராளமாக வைத்துக்கொள்ளலாம். ஆனால் உங்கள் ஆடிட்டர் அதை வாங்க மாட்டார். அச்சகத்துக்கு கோரல்டிரா ஃபைல் கொடுப்பவர்களுக்கும் இதேதான். இங்க்ஸ்கேப்பில் அழகாக வரையலாம், அச்சகம் பிடிஎஃப் வாங்கிக்கொள்ளுமா என்று முதலில் கேளுங்கள். வாங்காது என்றால் அந்த ஒரு வேலைக்கு விண்டோஸ் கம்ப்யூட்டர் ஒன்று இருக்கட்டும். மறுபடியும் அதேதான் சொல்கிறேன்: ஃபைலைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.

முக்கியமான யோசனை ஒன்று. லினக்ஸ் போடுவதற்கு முன்பே, இப்போது இருக்கும் விண்டோஸிலேயே லிப்ரே ஆஃபீஸ், ஃபயர்பாக்ஸ், அஞ்சலுக்குத் தண்டர்பேர்டு, படத்துக்கு விஎல்சி, புகைப்படம் திருத்த கிம்ப் இவற்றையெல்லாம் போட்டுப் பழகுங்கள். எல்லாமே இரண்டிலும் ஓடும். ஒரு மாதம் அவற்றோடு வேலை செய்துவிட்டால், அடியில் விண்டோஸ் போய் லினக்ஸ் வரும் நாளில் உங்கள் கைக்கு மாற்றமே தெரியாது.

ஒலிப்பதிவாளர் கையைக் காட்டுகிறார், இரண்டு நிமிடம்தான் இருக்கிறது. புகைப்படங்களை அடுக்கி வைப்பது பற்றியும், பாட்டு வெட்டி ஒட்டுவது பற்றியும் பேச நினைத்திருந்தேன். பெயர்களை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்: புகைப்படத்துக்கு டிஜிகேம், ஒலிக்கு ஆடாசிட்டி, வீடியோ வெட்டக் கேடென்லைவ். மென்பொருளை ஏதோ ஒரு தளத்திலிருந்து இறக்காமல், லினக்ஸிலேயே இருக்கும் மென்பொருள் மேலாளரில் பெயரைத் தேடி நிறுவுங்கள். புதுப்பிப்பும் அங்கிருந்தே வரும்.

கடைசியாக ஒன்று. மின்ட், உபுண்டு இரண்டையுமே பென் டிரைவிலிருந்து, வன்தட்டைத் தொடாமல், ஓட்டிப் பார்க்கலாம். அப்படி ஓட்டும்போது வைஃபை வருகிறதா, ஒலி கேட்கிறதா என்று பாருங்கள். பிரிண்டரை இணைத்து ஒரு பக்கம் அச்சடித்துப் பாருங்கள். உங்களுடைய பழைய தமிழ் ஃபைல் ஒன்றையும் திறந்து பாருங்கள். இதெல்லாம் சரியாக இருந்து, உங்கள் ஃபைல்களுக்கெல்லாம் வெளியே ஒரு நகல் எடுத்த பிறகு நிறுவுங்கள். நன்றி, வணக்கம்.