கைமாறிய பாட்டில்

வணக்கம் நேயர்களே.

வடசென்னை வியாசர்பாடியில் எங்கள் சந்தில் வீட்டுக்கு வீடு வாசலில் ஓர் அடிபம்பு நிற்கும். தெருக்குழாயில் அழுத்தம் கிடையாது. விடியற்காலையில் எழுந்து அடித்தால்தான் குடம் நிறையும். முதல் இரண்டு குடத்தை அப்படியே கீழே ஊற்றிவிடுவோம். கலங்கலாக வரும், சில நாள் சாக்கடை வாடையும் கூட வரும்.

2022 பிப்ரவரியில் மாநகராட்சித் தேர்தல் பிரசாரம். பக்கத்து வீட்டு அம்மாள் அந்த முதல் குடத்துத் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்து வைத்திருந்தார். வாக்குக் கேட்டு வந்தவரிடம், "ஒரு வாய் குடித்துப் பாருங்கள் தம்பி" என்று நீட்டினார். அவர் வெயிலில் தூக்கிப் பார்த்தார். "சரிசெய்துவிடலாம் அம்மா" என்று பின்னால் நின்றவரிடம் கொடுத்தார். அவர் இன்னொருவரிடம் கொடுத்தார். மேளச்சத்தம் அடங்கிய பிறகு பார்த்தால், பாட்டில் தெருமுனைப் பிள்ளையார் கோவில் திண்ணையில் கிடந்தது.

அவரை மட்டும் குறை சொல்லி என்ன பயன்? குழாய் அவர் கையில் இல்லையே! சென்னை மாநகராட்சி 1688-இல் பிறந்தது. ஆனால் 1978-ஆம் ஆண்டுச் சட்டம் குடிநீரையும் கழிவுநீரையும் தனி வாரியத்திடம் ஒப்படைத்துவிட்டது. குப்பை, மழைநீர் வடிகால், தெருவிளக்கு மாநகராட்சியிடம் இருக்கின்றன. ஆக, தெருவில் பத்தடி இடைவெளியில் இருக்கும் இரண்டு மூடிகளுக்கு இரண்டு சொந்தக்காரர்கள். கழிவுநீர் பொங்கி மழைநீர் வடிகாலுக்குள் இறங்கிவிட்டால் அது யாருடைய தண்ணீர்? குடிநீர் வழங்கலை நகராட்சிகளுக்கு உரிய பணிகளில் ஒன்றாக 74-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் பட்டியலிட்டிருக்கிறது. பட்டியல் பட்டியலாகவே இருக்கிறது.

வடசென்னைக்காரனுக்கு இதில் கூடுதலாக ஒரு மனத்தாங்கல் உண்டு. நகரத்துக்குத் தண்ணீர் தரும் புழல் ஏரி எங்கள் பக்கம். 2010-இல் திறந்த, நாளொன்றுக்கு 100 மில்லியன் லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை மீஞ்சூரை அடுத்த காட்டுப்பள்ளியில். குப்பைமேடும் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையமும் கொடுங்கையூரில். அங்கே நாளொன்றுக்கு 45 மில்லியன் லிட்டர் கழிவுநீரைத் தூய்மையாக்கி மணலி, எண்ணூர்ப் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கு அனுப்பும் ஏற்பாடு இருக்கிறது. நல்ல ஏற்பாடுதான், ஆலைகள் குடிநீரைக் குடிக்காமல் இருந்தால் சரி. ஆனாலும் ஊருக்கெல்லாம் சமையற்கட்டாகவும் புழக்கடையாகவும் இருக்கும் இடத்தில் நாம் இன்னும் பம்பு அடித்துக்கொண்டிருக்கிறோம்.

அப்படியானால் கவுன்சிலர் எதற்கு என்று கேட்பீர்கள். இல்லாமல் இருந்து பார்த்தவர்கள் நாம். 2016 அக்டோபரில் மாநகராட்சி மன்றத்தின் காலம் முடிந்தது. அடுத்த தேர்தல் 2022-இல்தான் நடந்தது. நடுவில் 2019 கோடையில் புழலும் செம்பரம்பாக்கமும் வறண்டன. லாரி எப்போது வரும் என்று தெருவே காவல் காத்தது. போய்க் கதவைத் தட்ட வார்டில் ஒரு வீடு இல்லை. அதிகாரி மாற்றலாகிப் போய்விடுவார். கவுன்சிலர் மறுநாளும் அதே டீக்கடைக்குத்தான் வரவேண்டும். எனக்கு இது பெரிய அதிகாரமாகவே படுகிறது.

ஆகவே வாக்குக் கேட்டு வருகிறவரிடம் "தண்ணீர் தருவீர்களா" என்று நான் கேட்கப்போவதில்லை. அவரும் தருவேன் என்றுதான் சொல்வார். எங்கள் சந்தின் குழாய் எந்த ஆண்டில் பதித்தது, கழிவுநீர்க் குழாய் அதற்கு எவ்வளவு பக்கத்தில் ஓடுகிறது என்று அவருக்குத் தெரியுமா? இரண்டு துறைப் பொறியாளர்களையும் ஒரே நாளில் ஒரே மூடிக்கு முன்னால் நிறுத்துவாரா? வார்டின் ஒவ்வொரு பகுதி மக்களும் கூடிப் பேசும் பகுதி சபைக் கூட்டத்தைக் கூட்டி, எழுதிய தீர்மானத்தைப் படித்துக் காட்டுவாரா? இவற்றைக் கேட்பேன்.

பக்கத்து வீட்டு அம்மாளிடம் இதைச் சொன்னேன். அவருக்கு வேறு யோசனை. பாட்டில் என்பதால்தான் கைமாறிப் போய்விட்டதாம். அடுத்த முறை குடத்தையே தூக்கி வேட்பாளர் இடுப்பில் வைத்துவிடப் போகிறாராம்.