அடிக்கும் அடிக்கும் நடுவே

நேயர்களுக்கு வணக்கம். பாறை, எலும்பு, படிப்பு ஆகிய மூன்றையும் ஒரே உரையில் பேசப்போகிறேன் என்று நான் எழுதி அனுப்பியபோது, தலைப்பு ஏதும் மாறி வந்துவிட்டதா என்று நிலையத்திலிருந்து தொலைபேசியில் கேட்டார்கள். மாறவில்லை. முப்பது ஆண்டுகளுக்கு மேல் கல்லூரியில் இயற்பியல் நடத்திவிட்டு ஓய்வு பெற்ற எனக்கு, அதன் பிறகுதான் பிற துறைகளின் ஆய்வுக் கட்டுரைகளைப் படிக்க நேரம் கிடைத்தது. படிக்கப் படிக்க ஒன்று தெரிந்தது. பாறையைச் சோதிப்பவரும், ஓட்டக்காரரின் காலைச் சோதிப்பவரும், மாணவரின் நினைவைச் சோதிப்பவரும் ஒருவரையொருவர் அறியாமலேயே ஒரே கேள்வியில் வந்து நிற்கிறார்கள். ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவே என்ன நடக்கிறது என்பதே அந்தக் கேள்வி.

இந்தக் கேள்வியை நான் முதலில் கேட்டது எந்த ஆய்வகத்திலும் அன்று, மயிலாடியில். மயிலாடி என்றதுமே நம் மாவட்டத்தாருக்கு உளிச் சத்தம் நினைவுக்கு வரும். என் தாய்மாமன் வீடு அங்கே இருந்ததால், பள்ளி விடுமுறை முழுவதும் நான் கல்வேலை நடக்கும் கொட்டகைகளைச் சுற்றியே கிடப்பேன். அப்போது எனக்கு ஒன்பது அல்லது பத்து வயது இருக்கும். ஒரு நாள் முதிய ஆசாரி ஒருவர் மாட்டுவண்டி அளவுள்ள பாறை ஒன்றை இரண்டாகப் பிளந்துகொண்டிருந்தார். பாறையின் முதுகில் கரியால் கோடு போட்டு, அந்தக் கோட்டின் மேல் சாணுக்கு ஒன்றாகக் குழி அடித்து, ஒவ்வொரு குழியிலும் ஓர் இரும்பு ஆப்பை நிறுத்தியிருந்தார். பிறகு சம்மட்டியால் அடிக்கத் தொடங்கினார். ஒரே ஆப்பைத் திரும்பத் திரும்ப அடிக்கவில்லை; முதல் ஆப்புக்கு ஓர் அடி, அடுத்ததற்கு ஓர் அடி என்று கடைசி வரை போய், மீண்டும் முதல் ஆப்புக்கே வந்தார். முதல் சுற்றில் மந்தமாகக் கேட்ட ஓசை, ஆப்பு இறுக இறுகச் சுருதி கூடி, ஐந்தாறு சுற்றில் கோயில் மணியைப் போல் ஒலித்தது. அந்த ஓசை வந்ததும் அவர் சம்மட்டியைக் கீழே வைத்துவிட்டு, நிழலில் உட்கார்ந்து வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவத் தொடங்கிவிட்டார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "ஏன் பாட்டா சும்மா இருக்கீங்க?" என்று கேட்டேன். அவர் நிமிர்ந்து பார்க்காமலே, "சும்மா இல்ல மக்களே, இப்ப வேல செய்யது கல்லாக்கும்" என்றார். அவர் வெற்றிலை மென்று துப்பி முடிக்கும் வரை ஒன்றும் நடக்கவில்லை. பிறகு பாறைக்குள்ளிருந்து, விரல் சொடுக்கியது போன்ற ஒரு சிறு ஓசை வந்தது. ஓடிப் போய்ப் பார்த்தேன். குழிக்கும் குழிக்கும் நடுவே தலைமுடி அளவு மெல்லிய கோடு ஒன்று ஓடியிருந்தது. யாரும் தொடாத நேரத்தில் பாறை பிளந்திருந்தது. அந்தக் கோட்டை இப்போதும் என் விரல் நுனியில் உணர்கிறேன் என்று சொன்னால் நீங்கள் நம்பவேண்டும்.

அது எப்படி நடந்தது என்பதைப் படம் வரையாமல் சொல்ல வேண்டுமானால், ஒரு துணிக்கடைக்குப் போகலாம். ஐந்து மீட்டர் துணி கேட்டால், கடைக்காரர் அளந்துவிட்டு, ஓரத்தில் கத்தரியால் ஒரு விரலளவு வெட்டுவார். பிறகு கத்தரியை வைத்துவிட்டு, இரண்டு கையாலும் பிடித்துச் சர்ரென்று கிழிப்பார். அந்தச் சிறு வெட்டு இல்லாமல் அதே துணியைக் கிழிக்கப் பயில்வானாலும் முடியாது. இழுவிசை முழுவதும் வெட்டின் நுனியில் உள்ள ஓரிரு நூல்களில் வந்து குவிகிறது. அவை அறுந்ததும் அடுத்த நூல்களின் முறை வருகிறது. பாறையும் அப்படியே. அழுத்தினால் மலையையே தாங்கும் கல், இழுத்தால் பொதுவாக அதில் பத்தில் ஒரு பங்கைக்கூடத் தாங்காது. ஏனெனில் அதற்குள் கண்ணுக்குத் தெரியாத விரிசல்கள் ஏற்கெனவே இருக்கின்றன. ஆசாரியின் ஆப்பு, மேலிருந்து விழும் அடியைப் பக்கவாட்டு இழுப்பாக மாற்றித் தருகிறது.

இதற்குக் கணக்குப் போட்டவர் ஆலன் ஆர்னால்டு கிரிஃபித் என்ற இங்கிலாந்துக்காரர். அவரைப் பற்றிப் பேசத் தொடங்கினால் எனக்கு நிறுத்தத் தெரியாது. என் மாணவர்களைக் கேட்டால் சொல்வார்கள். ஃபார்ன்பரோவில் இருந்த விமான ஆய்வு நிலையத்தில் வேலை பார்த்த அவர், கண்ணாடியை உருக்கி இழை இழையாக இழுத்து, ஒவ்வொன்றும் எவ்வளவு சுமையில் அறுகிறது என்று அளந்தார். இழை மெலிய மெலிய அதன் வலிமை கூடிக்கொண்டே போனது. மிக மெல்லிய இழை, அதே கண்ணாடியின் தடித்த கம்பியைப்போல் ஏறத்தாழ 20 மடங்கு வலிமை காட்டியது. மெல்லிய இழையில் பெரிய விரிசலுக்கு இடமில்லை என்பதே காரணம். விரிசல் நீளும்போது பொருளுக்குள் தேங்கியிருந்த ஆற்றல் விடுபடுகிறது. அதே நேரத்தில் புதிய பரப்பை உண்டாக்க ஆற்றல் செலவாகிறது. வரவு செலவை விஞ்சும் கணத்தில் விரிசல் தானே ஓடத் தொடங்குகிறது. நம் வீட்டு வரவு செலவுக் கணக்கைவிட இது கடினமானது அன்று. 1921இல் இதை அவர் வெளியிட்டார். இந்த ஆராய்ச்சி நின்றுபோனதற்கும் ஒரு கதை சொல்வார்கள். கண்ணாடி உருக்கும் எரிவாயு விளக்கை ஒரு மாலை அணைக்க மறந்து கிரிஃபித்தும் அவருடைய உதவியாளரும் வீட்டுக்குப் போய்விட, இரவில் தீப்பிடித்து, விசாரணைக்குப் பிறகு, கண்ணாடியோடு நேரத்தை வீணாக்கியது போதும் என்று மேலிடம் அவரை விமான எந்திரப் பிரிவுக்கு மாற்றிவிட்டதாம். கதை எவ்வளவு மெய்யோ, பின்னாளில் ஜெட் எந்திர வளர்ச்சியில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு என்பது மெய். அந்த உதவியாளர் பென் லாக்ஸ்பைசர், 1954இல் செர்ன் என்ற ஐரோப்பிய அணுத்துகள் ஆய்வு மையத்தின் ஆட்சிமன்றத்துக்கு முதல் தலைவரானார். அணைக்காத விளக்கு ஒன்று இரண்டு பேரை எங்கெங்கே கொண்டு சேர்த்தது, பாருங்கள்.

ஆனால் கிரிஃபித்தின் கணக்கு என் கேள்விக்கு முழு விடை ஆகாது. எவ்வளவு விசையில் உடையும் என்று அது சொல்கிறது. ஆசாரி வெற்றிலை மென்ற அந்த நேரத்தைப் பற்றி அது பேசுவதில்லை. அதைப் பேசியவர் லெனின்கிராடைச் சேர்ந்த ஷுர்கோவ். பல்வேறு திடப்பொருள்களின் மேல் சுமையை ஏற்றி அப்படியே விட்டுவிட்டு, எத்தனை நேரம் கழித்து உடைகின்றன என்று அவர் அளந்தார். 1965இல் அவர் எழுதிய கட்டுரை இத்துறையில் புகழ்பெற்றது. பொருளின் வலிமையை நாம் ஓர் எண்ணாகச் சொல்லிப் பழகிவிட்டோம்; அவரோ அதைக் காலமாகப் பார்த்தார். சுமை கூடினால் ஆயுள் குறையும், வெப்பம் கூடினாலும் குறையும். ஏனெனில் அசையாமல் கிடக்கும் கல்லிலும் அணுக்கள் வெப்பத்தால் அதிர்ந்துகொண்டே இருக்கின்றன. விரிசலின் நுனியில் ஏற்கெனவே இழுபட்டு நிற்கும் பிணைப்புகளில் ஒன்று எப்போதோ ஒரு கணம் அந்த அதிர்வில் அறுந்துபோகிறது, பிறகு இன்னொன்று. நீர் பட்டால் இன்னும் விரைவு. கண்ணாடியிலும் கல்லிலும் உள்ள சிலிக்கான், ஆக்சிசன் பிணைப்பை அறுக்க நீர் துணை செய்கிறது. கல் வேலை செய்கிறது என்று அந்த முதியவர் சொன்னது உவமை அன்று. எழுத்துப் பிசகாத உண்மை.

ஓசையைப் பற்றியும் ஒரு சொல். வானொலியில் பேசிக்கொண்டு ஓசையை விட்டுவிட முடியுமா? நாம் கேட்டறியாத மெல்லிய ஓசைகளைப் பாறை எழுப்பிக்கொண்டே இருக்கிறது. ஒரு கல்லை ஓர் அளவு வரை அழுத்தி விடுவித்து, மறுபடி அழுத்தினால், பழைய அளவைத் தாண்டும் வரை அது பெரும்பாலும் மௌனமாக இருக்கும். தாண்டியதும் மீண்டும் ஓசை எழுப்பும். ஜெர்மனியில் யோசப் கைசர் 1950இல் முதலில் உலோகம் முதலியவற்றில் கண்ட இந்த நினைவாற்றல் பின்னர்ப் பாறையிலும் காணப்பட்டது. கோலார் தங்கச் சுரங்கத்தில் ஏறத்தாழ 3 கிலோமீட்டர் ஆழத்தில் வேலை செய்தவர்களுக்கு இது படிப்பாக இருக்கவில்லை, உயிராக இருந்தது. அங்கே பாறை திடீரென்று வெடித்துச் சிதறும். வெடி வைத்த உடனேயும் சிதறும், சில மணி நேரம் கழித்தும் சிதறும். ஆகவே ஆழ்சுரங்கங்களில் வெடி வைத்த பிறகு ஆட்களை உள்ளே விடாமல் காத்திருப்பது வழக்கம். தேசியப் பாறை இயக்கவியல் நிறுவனம் 1988இல் கோலாரில் தொடங்கப்பட்டது இந்தப் பின்னணியில்தான். கோலார்ச் சுரங்கத்திலும் சரி, மயிலாடிக் கொட்டகையிலும் சரி, அடித்த பின் காத்திருக்கத் தெரிந்தவரே அனுபவசாலி.

இனி எலும்பு. எங்கள் தெருவில் ஒரு பையன் காவலர் தேர்வுக்குத் தயாராகிக்கொண்டிருந்தான். அறிவிப்பு வந்த நாள் முதல், காலையில் நாகர்கோவில் அண்ணா விளையாட்டரங்கிலும் மாலையில் சங்குத்துறைக் கடற்கரையிலும் ஓட்டம். அதற்கு முன் அவன் பேருந்தைப் பிடிக்க ஓடியதோடு சரி. மூன்றாவது வாரத்தில் கணைக்கால் எலும்பில் ஓரிடத்தில் வலி. எக்ஸ்ரே எடுத்தார்கள், ஒன்றுமில்லை என்றார்கள். ஒன்றுமில்லை என்ற சொல்லை நம்பி அவன் மேலும் இரண்டு வாரம் ஓடினான். இரண்டாவது முறை எடுத்த படத்தில் கோடு தெரிந்தது. அவன் வீட்டு வாசலில் உட்கார்ந்து, அந்தப் படத்தை வெயிலுக்கு நேரே பிடித்து, "சார், இதுதான் சார்" என்று எனக்குக் காட்டியபோது, நான் பார்த்தது மயிலாடிப் பாறையில் ஓடிய அதே தலைமுடிக் கோடு.

இது புதிய நோய் அன்று. நெடுந்தொலைவு நடத்தப்பட்ட பிரஷ்யப் படைவீரர்களின் பாதம் வீங்கி வலிப்பதை பிரைட்ஹாப்ட் என்ற படை மருத்துவர் 1855இலேயே எழுதி வைத்தார். எக்ஸ்ரே கண்டுபிடிக்கப்பட்ட பிறகுதான் அது எலும்பு முறிவு என்று தெரிந்தது. இப்போதும் முதல் இரண்டு மூன்று வாரங்களுக்கு எக்ஸ்ரேயில் இது தெரியாமல் போவதுண்டு, எம்.ஆர்.ஐ. படத்தில் தெரியும். கல்லுக்கும் எலும்புக்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் இருக்கிறது. கல்லில் இடைவேளை விரிசலுக்கு உதவுகிறது. எலும்பில் அதை ஆற்றுகிறது. எலும்புக்குள்ளும் ஆசாரிகள் இருக்கிறார்கள். ஒரு வகை உயிரணுக்கள் பழுதான பகுதியைத் தோண்டி எடுக்கின்றன, மற்றொரு வகை அங்கே புது எலும்பை வைத்துப் பூசுகின்றன. தோண்டுவதற்கு மூன்று வாரம் போதும். பூசி முடிக்கவோ மூன்று மாதம் வேண்டும். திடீரென்று பயிற்சியைக் கூட்டியவரின் எலும்பு, வலுப்பெறுவதற்கு முன் சிறிது காலம் வலுக்குறைந்து நிற்பது இதனால்தான். வீட்டைப் புதுப்பிக்கும்போது சுவரை இடித்துப் போட்டிருக்கும் நாளில் புயல் வந்தால் என்ன ஆகும்? அந்தப் பையன் ஓடிய வாரங்கள் அப்படிப்பட்டவை.

இன்னொரு ஆய்வும் உண்டு. அமெரிக்காவின் இண்டியானாவில் ராப்லிங், டர்னர் முதலியோர் எலிகளின் காலெலும்பில் ஒரு நாளைக்கு 360 முறை சுமையேற்றிப் பார்த்தார்கள். ஒரே மூச்சில் 360 முறை ஏற்றியதைவிட, சில மணி நேர இடைவெளி விட்டு 90 முறையாக நான்கு தடவை ஏற்றியபோது எலும்பு கூடுதலாக வளர்ந்தது. தொடர்ந்து இருபது முறை சுமை விழுந்தாலே எலும்பின் உயிரணுக்கள் ஏறத்தாழச் செவிடாகிவிடுகின்றன. ஓய்வுக்குப் பிறகே அவற்றுக்கு மீண்டும் காது கேட்கிறது. மொத்தச் சுமை ஒன்றே, மாறியது இடைவெளி மட்டுமே.

படிப்பைப் பற்றிப் பேச நான்கு பக்கம் எழுதிக்கொண்டு வந்தேன். கண்ணாடிக்கு அப்பால் நிற்பவர் கடிகாரத்தைக் காட்டுகிறார். கிரிஃபித்தின் தீ விபத்து தின்ற நேரம் அது. ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். எபிங்காஸ் என்ற ஜெர்மானியர், பொருளற்ற அசைகளை மனப்பாடம் செய்து தம்மையே சோதித்து, 1885இல் எழுதினார்: ஒரே நாளில் 68 முறை தொடர்ந்து படித்துப் பெற்ற பயனை, மூன்று நாளில் பிரித்துப் படித்தபோது 38 முறையிலேயே அவர் பெற்றுவிட்டார். நூற்றாண்டு கடந்தும் அந்த முடிவு அசையவில்லை. நானோ தேர்வுக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமைகளில் காலை முதல் மாலை வரை சிறப்பு வகுப்பு எடுத்து, அதைப் பெருமையாகவும் சொல்லிக்கொண்டவன். ஒரே ஆப்பைப் பிடித்து அடித்துக்கொண்டே இருந்திருக்கிறேன். மாணவர் மனம் கல்லா எலும்பா என்று கேட்காதீர்கள், இரண்டும் இல்லை. அந்த ஒப்புமையின் எல்லையைச் சொல்லத்தான் அந்த நான்கு பக்கம்.

அந்தப் பையன் இப்போது ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஓடுகிறான். அடுத்த தேர்வுக்கு இன்னும் அறிவிப்பு வரவில்லை. வாய்ப்புக்கு நன்றி, வணக்கம்.