மழை வந்தால் வெளியே வராதீர்கள்: அந்த எஸ்எம்எஸ் போகவேண்டிய ஊர்

[திரையில்: பழைய பட்டன் போன். எஸ்எம்எஸ் வந்து விழும் சத்தம்.]

2011 மார்ச் 14, திங்கட்கிழமை. ஜப்பானின் ஃபுகுஷிமா அணுமின் நிலையத்தில் மூன்றாவது உலையின் கட்டடம் அன்று காலைதான் வெடித்திருந்தது. அன்றே ஆசியாவின் பல நாடுகளில் ஒரு எஸ்எம்எஸ் போன் போனாகப் பறந்தது. பிபிசியின் அவசரச் செய்தி என்று பெயர். மழை வந்தால் முதல் 24 மணி நேரம் வெளியே வராதீர்கள், கதவு ஜன்னலைச் சாத்துங்கள், கழுத்தில் தைராய்டு இருக்கும் இடத்தில் பீட்டாடின் தடவுங்கள், இன்று மாலை 4 மணி முதல் கதிர்வீச்சு பிலிப்பைன்ஸைத் தாக்கலாம். இதுதான் அதிலிருந்த விஷயம்.

கதிர்வீச்சு என்ன, டவுன் பஸ்ஸா, 4 மணிக்கு வந்து நிற்க? பிபிசி அப்படி ஒரு செய்தியே போடவில்லை. காற்று பெரும்பாலும் கிழக்கே, பசிபிக் கடலைப் பார்த்து வீசிக்கொண்டிருந்தது. மணிலாவோ தென்மேற்கே சுமார் 3,000 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. ஆனாலும் அங்கே ஒரு பல்கலைக்கழகம் வகுப்புகளை நிறுத்தி மாணவர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டது. பீட்டாடின் விஷயமும் தப்பு. தைராய்டைக் காக்கக் கொடுப்பது பொட்டாசியம் அயோடைடு மாத்திரை. புண்ணுக்குப் போடும் மருந்தைக் கழுத்தில் பூசினால் கழுத்துதான் பழுப்பாகும்.

சரி, அப்படியானால் மழையைப் பார்த்துப் பயந்தவர்கள் எல்லாரும் ஏமாளிகளா? இல்லை. அங்கேதான் விஷயம் இருக்கிறது.

[திரையில்: உலையிலிருந்து எழும் புகை, மேலே மேகம், கீழே வயல்.]

உலை உடைந்தால் அயோடின்-131, சீசியம்-137 போன்ற கதிரியக்கப் பொருட்கள் நுண்ணிய தூசாகக் காற்றில் ஏறுகின்றன. காற்று காய்ந்திருந்தால் அந்தத் தூசு கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தரையில் படியும். பெரும்பகுதி நம் தலைக்கு மேலேயே கடந்து போய்விடும். மழை பெய்தால் கணக்கே மாறிவிடுகிறது. மேகத்துக்குள்ளேயே நீர்த்துளி தூசைப் பிடித்துக்கொள்கிறது. கீழே விழும்போது வழியில் இருப்பதையும் வாரிக்கொண்டு வருகிறது. பல நூறு கிலோமீட்டருக்குப் பரவ வேண்டியது, ஒரு மணி நேர மழையில் ஒரே ஊரின் மேல் இறங்கிவிடும்.

அதனால் தூரம் மட்டும் பார்த்தால் போதாது. கதிரியக்கக் காற்று தலைக்கு மேலே போன அதே நேரத்தில் மழை பெய்ததா என்று பார்க்க வேண்டும்.

சோவியத் யூனியனின் செர்னோபில் அணுமின் நிலையத்தை எடுத்துக்கொள்வோம். 1986 ஏப்ரல் 26 அதிகாலை நான்காவது உலை வெடித்தது. சோவியத் அரசு வாய் திறக்கவில்லை. இரண்டு நாள் கழித்து, சுமார் 1,100 கிலோமீட்டர் தள்ளி, ஸ்வீடனின் ஃபோர்ஸ்மார்க் அணுமின் நிலையத்தில் ஒரு ஊழியரின் ஷூ கதிர்வீச்சு அலாரத்தை அடிக்க வைத்தது. அப்புறம்தான் உலகத்துக்கே தெரிந்தது. அந்த நாட்களில் ஸ்வீடனின் யேவ்லே நகரப் பக்கம் நல்ல மழை. செர்னோபில்லுக்கு இன்னும் அருகில் இருக்கும் ஸ்டாக்ஹோமைவிட யேவ்லேயில் பல மடங்கு சீசியம் படிந்தது.

[திரையில்: பச்சை மலைச்சரிவு, மேயும் செம்மறி ஆடுகள்.]

இன்னும் மேற்கே போவோம். மே 2, 3 தேதிகளில் பிரிட்டனின் மலைப்பகுதிகளில் மழை கொட்டியது. வட வேல்ஸ், கம்பிரியா, ஸ்காட்லாந்து. உலையிலிருந்து 2,000 கிலோமீட்டருக்கு மேல். ஜூன் 20 அன்று, வேல்ஸிலும் கம்பிரியாவிலும் ஆடுகளை விற்கவோ வெட்டவோ கூடாது என்று அரசு தடை போட்டது. மூன்று வாரம்தான், அப்புறம் சரியாகிவிடும் என்றார்கள்.

கடைசித் தடை நீங்கியது 2012-இல். 26 வருடம்!

மண்ணைப் பற்றிய கணக்கு தப்பிப்போனதுதான் காரணம். களிமண்ணில் விழுந்த சீசியத்தை அந்த மண்ணே இறுக்கிப் பிடித்துக்கொள்ளும், புல்லுக்கு விடாது. அந்த மலைகளில் இருப்பதோ மக்கிய செடிகொடிகளால் ஆன, களி அதிகமில்லாத மண். புல் சீசியத்தை உறிஞ்சும், ஆடு புல்லை மேயும், ஆட்டுச் சாணம் மறுபடி மண்ணுக்கே போகும். சுற்றிக்கொண்டே இருக்கும். கிலோ இறைச்சிக்கு 1,000 பெக்கெரல் (கதிரியக்கத்தை அளக்கும் அலகு) என்பது அன்றைய வரம்பு. உயிரோடு இருக்கும் ஆட்டின் மேல் கருவியை வைத்துப் பார்ப்பார்கள். வரம்பைத் தாண்டினால் அதன் உடம்பில் பெயிண்ட் அடித்துவிடுவார்கள். ஒரு தலைமுறை விவசாயிகள் பெயிண்ட் அடித்த ஆடுகளோடு வாழ்ந்தார்கள்.

மறுபடி 2011-க்கு வருவோம். மார்ச் 21-இல் டோக்கியோவில் மழை தொடங்கியது. 23-ஆம் தேதி, நகரின் ஒரு சுத்திகரிப்பு நிலையத்துத் தண்ணீரில் கிலோவுக்கு 210 பெக்கெரல் அயோடின்-131 இருப்பதாக மாநகர அரசு அறிவித்தது. அப்போது பெரியவர்களுக்கு வரம்பு 300, கைக்குழந்தைகளுக்கு 100. குழந்தைகளுக்குக் குழாய்த் தண்ணீர் வேண்டாம் என்றார்கள், கடைகளில் பாட்டில் தண்ணீர் காலி. மறுநாளே அளவு 79-க்கு இறங்கியது. அயோடின்-131 எட்டு நாளைக்கு ஒருமுறை பாதியாகிவிடும் என்பதால் இது நீண்டகாலத் தலைவலி இல்லை. ஆனால் அந்த எட்டு நாள் கணக்கு, கைக்குழந்தையோடு குழாயடியில் நிற்கும் அம்மாவுக்கு என்ன ஆறுதல் தரும்? அரசு எண்ணைச் சொன்னது, வரம்பைச் சொன்னது, மறுநாள் மறுபடி அளந்து சொன்னது. என்னைக் கேட்டால், அந்தப் பீதி இரண்டு நாளில் அடங்கியதற்கு அதுதான் காரணம்.

ஏப்ரல் 7-இல் தென் கொரியாவில் மழை. கியோங்கி மாகாணத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட பள்ளிகள் விடுமுறை விட்டன, அல்லது வகுப்பைக் குறைத்துக்கொண்டன. மழைநீரில் அயோடினும் சீசியமும் இருந்தது உண்மைதான். உடம்புக்குக் கேடு செய்யும் அளவில் இல்லை.

அந்த மாதங்களில் இன்னொரு கூத்தும் நடந்தது. அமெரிக்காவில் பலர், மழை நின்றதும் கார் மேலிருந்த ஈரத்தை டிஷ்யூ பேப்பரில் துடைத்து, கதிர்வீச்சை அளக்கும் கைகர் கருவியில் காட்டி வீடியோ போட்டார்கள். கருவி படபடவென்று கத்தும். அது பொய்யில்லை. ஆனால் அதே டிஷ்யூவை 1990-இல் துடைத்திருந்தாலும் கத்தியிருக்கும்! மண்ணிலிருந்து எப்போதும் இயற்கையாகக் கசியும் ரேடான் என்ற கதிரியக்க வாயு காற்றில் சிதைந்து, ஈயம்-214, பிஸ்மத்-214 என்று மாறுகிறது. மழை அதையும் வாரிக்கொண்டு வருகிறது. ஒன்று 27 நிமிடத்தில் பாதியாகும், மற்றது 20 நிமிடத்தில். டிஷ்யூவை மேஜைமேல் வைத்துவிட்டு, நாலைந்து மணி நேரம் கழித்து வந்து பாருங்கள். கருவி அடங்கியிருக்கும்.

[திரையில்: வரைபடம். ஃபுகுஷிமா நிலையத்திலிருந்து வடமேற்கே ஒரு கோடு.]

கருவி அடங்காத ஊர் ஒன்று இருந்தது. ஈட்டாட்டே. உலையிலிருந்து வடமேற்கே சுமார் 40 கிலோமீட்டர், மலைமேல், ஏறக்குறைய 6,000 பேர் வாழ்ந்த கிராமம். மக்களை வெளியேற்றிய 20 கிலோமீட்டர் வட்டத்துக்கும், வீட்டுக்குள் இருக்கச் சொன்ன 30 கிலோமீட்டர் வட்டத்துக்கும் பெரும்பாலும் வெளியே. பாதுகாப்பான இடம் என்று நினைத்துக் கடலோர மக்கள் அங்கே வந்து தங்கினார்கள்.

மார்ச் 15 பிற்பகலில் காற்று வடமேற்கே திரும்பியது. சாயங்காலம் மழை, அப்புறம் பனி. அன்று மாலை ஈட்டாட்டேயில் கதிர்வீச்சு மணிக்கு 40 மைக்ரோசீவர்ட்டை (உடம்பில் படும் கதிர்வீச்சை அளக்கும் அலகு) தாண்டியது. சாதாரண நாளில் இருப்பதைப்போல் நூற்றுக்கணக்கான மடங்கு. கதிரியக்கம் எந்தப் பக்கம் பரவும் என்று கணிக்க அரசிடமே ஒரு கணினி அமைப்பு இருந்தது. அதன் கணிப்பு மார்ச் 23 வரை வெளியே வரவில்லை. ஈட்டாட்டேயை வெளியேற்ற வேண்டிய பகுதியாக அரசு முறைப்படி அறிவித்தது ஏப்ரல் 22-இல்தான். கிராமத்தின் பெரும்பகுதிக்குத் திரும்ப அனுமதி 2017-இல் கிடைத்தது. நாகடோரோ என்ற பகுதிக்கு 2023 வரை தடை இருந்தது, அதுவும் ஒரு பகுதிக்குத்தான் நீங்கியது.

மழை வந்தால் வெளியே வராதீர்கள், கதவு ஜன்னலைச் சாத்துங்கள். அந்தப் பொய் எஸ்எம்எஸ்ஸில் உருப்படியாக இருந்தவை இந்த இரண்டு வரிகள்தான். மணிலாவுக்குப் போயின. மறுநாள் சாயங்காலம் ஈட்டாட்டேயில் பனி விழுந்தபோது, அங்கே யாரும் அதைச் சொல்லவில்லை.