அறிவிப்புக்கும் அமலுக்கும் நடுவே

நேயர்களுக்கு வணக்கம்.

2020 மார்ச் கடைசியில் இந்தியா ஒரு பாடத்தில் 100க்கு 100 வாங்கியது. கொரோனாவுக்காக எந்த நாடு என்ன கட்டுப்பாடு போடுகிறது என்று ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஒரு குழு நாள்தோறும் குறித்துவந்தது. பள்ளிக்கூடம் மூடியாயிற்றா, பேருந்து நின்றதா, வீட்டைவிட்டு வெளியே வரத் தடையா என்று பார்த்துப் போடுகிற கடுமைக் குறியீடு அது. அதில் நமக்கு முழு மதிப்பெண். இது கடுமைக்கான அளவுதான், ஓர் அரசு நன்றாகச் செய்ததா என்பதற்கு இல்லை என்று அந்தக் குழுவினரே சொல்லியிருந்தார்கள். அந்த வரி நம் ஊரில் யார் காதிலும் ஏறவில்லை.

நான் பொது நிர்வாகம் பாடம் நடத்துகிறவன். “சார், தமிழ்நாடு கொரோனாவை நல்லாக் கையாண்டதா இல்லையா?” என்று வருஷா வருஷம் யாராவது ஒரு மாணவர் கேட்டுவிடுவார். நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். உத்தரவை எப்போது அறிவித்தார்கள், எப்போது அமலுக்கு வந்தது? நடுவில் கிடைத்த நேரத்தில் ஜனங்கள் என்ன செய்தார்கள்?

மார்ச் 24 இரவு 8 மணிக்குப் பிரதமர் பேசினார். நள்ளிரவிலிருந்து 21 நாள் ஊரடங்கு. நான்கு மணி நேரம். பிழைக்க வந்த ஊரிலேயே மாட்டிக்கொண்டவர்கள் நெடுஞ்சாலையில் நடந்ததை நாம் எல்லோரும் பார்த்தோம். அவர்களுக்கென்று சிறப்பு ரயில் மே 1ஆம் தேதிதான் கிளம்பியது.

நம் மாநிலம் அதற்கு முந்தின நாளே தன் உத்தரவைச் சொல்லிவிட்டது. மார்ச் 24 மாலை 6 மணியிலிருந்து 144 தடை. ஒரு நாள் அவகாசம் கொடுத்தார்கள், நல்லதுதான். ஆனால் ஊருக்குப் போகிற சென்னைக்காரர்கள் அவ்வளவு பேரும் கோயம்பேடு பேருந்து நிலையத்துக்கு வந்து நின்றார்கள். எதைத் தடுக்க உத்தரவு போட்டார்களோ அந்தக் கூட்டத்தை அந்த உத்தரவே கூட்டிவிட்டது.

சரி, முதல் தடவை, யாருக்கும் அனுபவம் இல்லை என்று விட்டுவிடலாம். ஒரு மாதம் கழித்து அதே கோயம்பேட்டில், பக்கத்திலேயே இருக்கிற காய்கறிச் சந்தையில் நடந்ததற்கு என்ன சொல்வது?

ஏப்ரல் 24, வெள்ளிக்கிழமை. ஞாயிறு காலையிலிருந்து நான்கு நாளைக்குச் சென்னை, கோவை, மதுரையில் முழு ஊரடங்கு என்று அறிவிப்பு வந்தது. நடுவில் இருந்தது ஒரே ஒரு சனிக்கிழமை. நான் அரும்பாக்கத்தில் இருக்கிறேன், சந்தை நடக்கிற தூரம்தான். இரண்டு துணிப்பையோடு நானும் போனேன். உள்ளே கால் வைக்க இடமில்லை. எனக்குப் பின்னால் ஒரு அம்மா, முகக்கவசத்துக்குப் பதில் முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு, இன்னொரு கையால் என் முதுகைத் தள்ளிக்கொண்டே வந்தார். மூட்டை தூக்குகிறவர்கள் “வழி, வழி” என்று கத்திக்கொண்டு எங்கள் தோளை உரசிப் போனார்கள். நான் வாங்கி வந்தது கால் பை தக்காளி, கொஞ்சம் முருங்கைக்காய்.

நடமாடும் காய்கறிக் கடைகளுக்கு அனுமதி உண்டு என்று அதே உத்தரவில் இருந்தது. தெருவுக்கே காய் வரும். பாடம் நடத்துகிற நானே அதைப் படித்துப் பார்க்கவில்லை. “முழு ஊரடங்கு” என்ற இரண்டு வார்த்தைதான் காதில் விழுந்தது, பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

மே 5ஆம் தேதி சந்தையை மூடினார்கள். அதற்குள் சுமை தூக்குகிறவர்களும் வியாபாரிகளும் அரியலூர், கடலூர், விழுப்புரம் என்று சொந்த ஊர் திரும்ப, அங்கெல்லாம் தொற்று எண்ணிக்கை எகிறியது. அந்தச் சனிக்கிழமை ஒன்றுதான் காரணம் என்று சொல்ல மாட்டேன். அந்தச் சந்தையின் நெரிசல் பல வாரமாக இருந்ததுதான். வியாபாரம் திருமழிசைக்குப் போய், செப்டம்பர் கடைசியில்தான் காய்கறி கோயம்பேட்டுக்குத் திரும்பியது.

இதில் என்னை உறுத்துவது வேறொன்று. கூட்டத்தைப் பிரிக்க இந்த அரசுக்குத் தெரியாமல் இல்லை. அதே ஏப்ரலில் ரேஷன் கடையில் 1,000 ரூபாயும் அரிசி, பருப்பு, சர்க்கரை, எண்ணெயும் கொடுத்தார்கள். வீடு தேடி வந்து டோக்கன் கொடுத்தார்கள், அதில் நாளும் நேரமும் எழுதியிருந்தது. எங்கள் முறை வந்தபோது எனக்கு முன்னால் ஆறேழு பேர்தான். ரேஷன் கடைக்குத் தோன்றிய யோசனை சந்தைக்குத் தோன்றவில்லை.

2021 மே மாதம், ஆட்சி மாறியிருந்தது. 24ஆம் தேதியிலிருந்து தளர்வில்லாத ஊரடங்கு என்று இரண்டு நாள் முன்னால் அறிவித்தார்கள், சிறப்புப் பேருந்து விட்டார்கள், தோட்டக்கலைத் துறை மூலமாக வண்டியில் காய்கறி அனுப்பினார்கள். பாடம் கற்றிருந்தார்கள். இருந்தும் அந்த ஞாயிற்றுக்கிழமை கடைகளில் கூட்டம், காய்கறி விலை ஏறிவிட்டது.

அப்புறம், சாவுக் கணக்கு. 2020 ஜூலை 22 அன்று, சென்னையில் விட்டுப்போன 444 மரணங்களைத் தமிழக அரசு ஒரே நாளில் பட்டியலில் சேர்த்தது. மாநகராட்சிப் பதிவேட்டையும் மாநிலக் கணக்கையும் ஒரு குழு ஒப்பிட்டுக் கண்டுபிடித்தது. விட்டது குற்றம், ஒத்துக்கொண்டு சேர்த்தது நேர்மை. இரண்டையும் எழுதித்தான் ஆகவேண்டும்.

ஸ்வீடன் நாட்டில் 2020 ஜூன் மாதமே, நோய் நடந்துகொண்டிருக்கும்போதே, விசாரணைக் குழு போட்டார்கள். ஊரடங்கு போடாமல் ஜனங்களை நம்பியது சரி, ஆனால் ஆரம்பத்தில் எடுத்த நடவடிக்கை குறைவு, அதுவும் தாமதம் என்று 2022 பிப்ரவரியில் அந்தக் குழு சொன்னது. அப்படியொரு குழு இங்கே உட்கார்ந்தால், நான் கேட்கச் சொல்வது அந்த ஏப்ரல் 24 பற்றித்தான். உத்தரவு எத்தனை மணிக்குத் தயாரானது, டோக்கன் பற்றி யாராவது வாய் திறந்தார்களா, கோயம்பேடு வியாபாரிகள் சங்கத்துக்கு யார் போன் செய்தது, எத்தனை மணிக்கு?

நன்றி, வணக்கம்.