வீட்டிலிருந்து வேலை, யாரோடு பேச்சு?

(காட்பாடியில் இளைஞர்களிடம் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது சென்னையிலும் பெங்களூரிலும் அறையைக் காலி செய்துவிட்டு வேலூர், குடியாத்தம், ஆற்காடு என்று ஊர் திரும்பிய பிள்ளைகள் பலர். சிலர் அப்படியே இங்கிருந்தே வேலை பார்க்கிறீர்கள். வாடகை மிச்சம், அம்மா கைச் சாப்பாடு, ரொம்ப நல்லது. நான் பேச வந்தது, கூட வேலை செய்கிறவர்களோடு உங்களுக்கு உள்ள பழக்கத்தைப் பற்றி.

புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஒரு பெண்ணை நினைத்துப் பாருங்கள். குடியாத்தத்தில் மாடி அறையில் உட்கார்ந்திருக்கிறாள். மென்பொருளைச் சோதித்துப் பார்க்கிற டெஸ்ட் சர்வருக்குள் போக முடியவில்லை. சாட்டில் "ஹாய்" என்று அடிக்கிறாள், அழிக்கிறாள். இதுகூடத் தெரியாதா என்று நினைத்துவிடுவார்களோ என்று பயம். மதியம் வரை அப்படியே போகிறது. அலுவலகமாக இருந்தால் பக்கத்து சீட்டுக்காரர் முகத்தைப் பார்த்தே "என்னம்மா ஆச்சு?" என்று கேட்டிருப்பார். இரண்டு நிமிடத்தில் முடிந்திருக்கும். அவளுக்குத் திறமை குறைவில்லை. கூச்சப்படாமல் கேட்க ஓர் ஆள் இல்லை.

மைக்ரோசாஃப்ட் நிறுவனம் தன் அமெரிக்க ஊழியர்கள் 61,000 பேருக்கு மேல் 2020-இன் முதல் ஆறு மாதங்களில் எப்படித் தொடர்பு கொண்டார்கள் என்று ஆராய்ந்தது. வீட்டிலிருந்து வேலை என்றானதும் அவரவர் குழுவுக்குள்ளேயே பேச்சு சுருங்கிவிட்டது. மற்ற குழுக்களோடு இருந்த தொடர்பு குறைந்தது. இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மார்க் கிரனோவெட்டர் என்ற சமூகவியலாளர் 1973-லேயே எழுதினார்: புது வேலை எங்கே இருக்கிறது என்ற செய்தி நெருங்கிய நண்பர்களைவிட, அரைகுறைப் பழக்கமுள்ளவர்கள் மூலம்தான் அதிகம் வருகிறது. கேன்டீனில் பார்த்துச் சிரிக்கிற அந்தப் பழக்கம்தான் இப்போது முதலில் அறுந்துபோகிறது.

சரி, என்ன செய்யலாம்? வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்குக் கட்டாய ஆன்லைன் விளையாட்டு வைக்கிறார்களே, அது எனக்குப் பிடிக்கவில்லை. வீட்டில் குழந்தை அழுதுகொண்டிருக்கும்போது எந்தத் தாய்க்குச் சிரிப்பு வரும்? பழகுவதற்கான நேரத்தை வேலை நேரத்துக்குள்ளேயே ஒதுக்குங்கள். காலை மீட்டிங்கை ஐந்து நிமிடம் முன்பே திறந்து வையுங்கள். வருகிறவர்கள் ஊர்க்கதை பேசட்டும். புதிதாக வருகிறவருக்கு மேலாளர் அல்லாத ஒருவரைத் துணையாகப் போடுங்கள். அவர் தினமும் கால் மணி நேரம் கூப்பிட்டுப் பேசட்டும், கேள்வி இருந்தாலும் இல்லாவிட்டாலும். சீனியர்கள் தங்கள் சந்தேகங்களைப் பொது குரூப்பில் கேளுங்கள். பெரியவரே கேட்கிறார் என்றால் சின்னவருக்கும் தைரியம் வரும்.

அப்புறம், நான்கு பேர் அலுவலக அறையிலும் இரண்டு பேர் வீட்டிலும் இருந்தால், ஆறு பேரும் அவரவர் லேப்டாப்பிலிருந்தே மீட்டிங்குக்கு வாருங்கள். இல்லாவிட்டால் அறைக்குள் இருப்பவர்கள் தங்களுக்குள் பேசிச் சிரிப்பார்கள். வீட்டில் இருப்பவருக்குப் பாதி காதில் விழாது.

நேரில் பார்ப்பதற்கு ஈடு எதுவுமில்லை. அதற்கு நம் ஊர் வாகானது. சென்னை–பெங்களூரு ரயில் பாதையில் காட்பாடி இருக்கிறது. இரண்டு பக்கத்திலிருந்தும் காலையில் வந்துவிட்டு இரவே வீடு திரும்பலாம். வேலூர்க் கோட்டையைச் சுற்றி நடங்கள், ஆம்பூர் பிரியாணி சாப்பிடுங்கள். அன்று லேப்டாப்பைத் திறக்கவே வேண்டாம்.

இங்கே குழுத் தலைவர்கள் சிலர் இருக்கிறீர்கள். உங்களிடம் ஒரு வேண்டுகோள்: உங்கள் குழுவில் ஒரு வாரமாக வேலை தவிர வேறெதுவும் பேசாதவர் யார் என்று யோசியுங்கள். நாளைக் காலை முதல் போன் அவருக்குப் போடுங்கள்.